பழைய லேப்டாப்பில் டிஸ்க் மாற்றலாம், ஆனால் முதலில் பழசைப் பாருங்கள்

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "பத்து வருஷப் பழைய லேப்டாப், ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது. தூக்கிப் போட்டுடலாமா?" பெரும்பாலும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே போதும். டிஸ்க்கை மாத்துறது பத்து நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி பழைய டிஸ்க்கை என்ன பண்றோம்கிறதுதான் பெரிய வேலை. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு?

பழைய லேப்டாப்கள்ல பெரும்பாலும் 5400 ஆர்.பி.எம். டிஸ்க்தான் இருக்கும். அதாவது உள்ளே இருக்கிற தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தும். ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழ வர சராசரியா அரைச் சுற்று காத்திருக்கணும். ஹெட் நகர்ற நேரம் இன்னொரு 12 மில்லி செகண்டுன்னு வெச்சுக்கங்க. ரெண்டையும் கூட்டினா, ஒரு செகண்டுக்குச் சுமார் அறுபது இடத்துல இருந்துதான் படிக்க முடியும். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்குது. ப்ராசஸர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. எஸ்.எஸ்.டி.யில சுத்துறதுக்கும் நகர்றதுக்கும் எதுவும் இல்லை. அதே செகண்டுல ஆயிரக்கணக்கான இடங்களைப் படிச்சிடும். அதனால உங்க லேப்டாப் பழைய சாட்டா 2 வகையா இருந்தாலும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

முதல்ல டிஸ்க்கோட உடம்பைப் பாருங்க

எங்க சித்தப்பா ஒரு திங்க்பேட் எக்ஸ்230 வெச்சிருக்கார். 2012-ல வந்த மாடல். ரிட்டயர்டு வாத்தியார். இருபது வருஷ வினாத்தாள், அப்புறம் எங்க பாட்டி பேசின வீடியோக்கள் எல்லாம் அதுலதான் இருக்கு. வேற காப்பி கிடையாது. பக்கத்துல ஒரு கடையில காட்டியிருக்கார். "ஃபார்மட் பண்ணா சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. நல்லவேளை, அவர் ஒத்துக்கல. "டேய், அம்மா வீடியோவை எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் நீ என்ன வேணா பண்ணு"ன்னார்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கு. ஸ்மார்ட் அளவீடுகளைக் காட்டும். அதுல மூணு எண்களைப் பாருங்க. 5: பழுதாகி மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டர்கள். 197: படிக்க முடியாம முடிவுக்காகக் காத்திருக்கிற செக்டர்கள். 198: திருத்தவே முடியாதவை. (அந்த ப்ரோக்ராம்ல இந்த எண்கள் பதினாறடிமானத்துல 05, சி5, சி6-ன்னு தெரியும்.) மூணும் பூஜ்யமா இருந்தா நிம்மதி. சித்தப்பா டிஸ்க்ல 197 பூஜ்யம் இல்லை. அதாவது டிஸ்க் மெதுவா இருக்கிறது மட்டும் இல்லை, செத்துக்கிட்டும் இருக்கு.

காப்பி எடுக்கிற முறை

டிஸ்க் நல்லா இருந்தா, எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி.-சாட்டா கேபிள்ல மாட்டி, க்ளோன்ஜில்லா மாதிரி ஒண்ணை வெச்சு அப்படியே நகல் எடுத்துடலாம். ஒரு சின்னச் சிக்கல்: பழசு 500 ஜி.பி., புதுசு 480 ஜி.பி.ன்னா நேரடியா நகல் ஆகாது. முதல்ல பழைய பார்ட்டிஷனைச் சுருக்கணும். பிட்லாக்கர் போட்டிருந்தா ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வெச்சுக்கங்க.

டிஸ்க் சாகற நிலையில இருந்தா கதையே வேற. செக் டிஸ்க் ஓட்டாதீங்க. அது டிஸ்க் மேல எழுதி, மிச்சம் இருக்கிறதையும் கெடுத்துடலாம். ஃபோல்டரை இழுத்துப் போட்டுக் காப்பி பண்ணாதீங்க. கெட்டுப்போன ஒரு ஃபைல்ல அப்படியே நின்னுடும். லினக்ஸ்ல ஜி.என்.யூ. டிடி-ரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு. நல்லாப் படிக்க முடியற பகுதிகளை முதல்ல எடுத்துடும். கஷ்டமான இடங்களுக்குக் கடைசியா திரும்பி வரும். எதுவரை எடுத்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வைக்கும், அதனால நடுவுல நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

சித்தப்பா டிஸ்க்குக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆச்சு. மூணு வினாத்தாள் திறக்கல. ஒரு வீடியோ நடுவுல சில செகண்ட் உறையுது. மத்த எல்லாம் வந்துடுச்சு.

மாத்துற வேலை

எக்ஸ்230-ல பேட்டரியைக் கழட்டி, அடியில இருக்கிற ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்தா மூடி வந்துடும். உள்ளே இருக்கிற பட்டையைப் பிடிச்சு இழுத்தா டிஸ்க் வெளிய வரும். ரெண்டு பக்கமும் இருக்கிற ரப்பரைக் கழட்டி புதுசுக்கு மாட்டணும். அதை மறக்காதீங்க, இல்லன்னா உள்ளே ஆடும். அந்த இடம் 7 மி.மீ. உயரம்தான். இப்ப வர்ற 2.5 இஞ்ச் எஸ்.எஸ்.டி.கள் பெரும்பாலும் அதே உயரம்.

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது. இந்த வயசு லேப்டாப்கள்ல விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாப் போட முடியாது. அதனால சித்தப்பாவுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியது ப்ரௌசர், லிப்ரே ஆபீஸ், வீடியோ ப்ளேயர். மூணும் இருக்கு.

பழைய டிஸ்க்கை என்ன செய்யறது?

நிறைய பேர் அதை ஒரு யூ.எஸ்.பி. பெட்டியில போட்டு பேக்கப்புக்கு வெச்சுக்கிறாங்க. ஆரோக்கியமான டிஸ்க்னா சரி. 197-ல எண் ஏறின டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீங்க. காப்பி எடுத்ததையெல்லாம் திறந்து பார்த்து, ஒரு மாசம் கழிச்சு அழிங்க. அழிக்கிறதுன்னா க்விக் ஃபார்மட் இல்லை, அது பட்டியலை மட்டும்தான் கிழிக்குது. முழுசா மேல எழுதணும். எழுத முடியாத டிஸ்க்னா உடைக்கணும். கண்ணாடி போட்டுக்கிட்டு உடைங்க, லேப்டாப் டிஸ்க்குகள்ல தட்டு பெரும்பாலும் கண்ணாடிதான், சில்லு சில்லாத் தெறிக்கும். காயலான் கடைக்கு அப்படியே போட்டுட்டா உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கூடவே போகும்.

இதைக் கேட்டு முடிச்சதும் வீட்ல இருக்கிற பழைய லேப்டாப்பை எடுத்து அந்த மூணு எண்ணை மட்டும் பாருங்க. டிஸ்க் அப்புறம் வாங்கிக்கலாம். சந்தேகம் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.