நம் வசத்தில் இருப்பது



தாம்பரத்தில் என் வீட்டுக்கு அருகில் வாழும் அன்பர் ஒருவர், பல்லாண்டுக் குடிப்பழக்கத்தை விட்டொழித்தவர். ஒரு மாலை மின்சார ரயிலை விட்டிறங்கி இருவரும் நடந்து வருகையில் அவர் கேட்டார்: "மதுக்கடையைக் கண்டதும் இன்னமும் நாவூறுகிறது, ஐயா. அப்படியானால் நான் திருந்தவே இல்லையா?" தத்துவம் கற்பிக்கும் எனக்கு உடனே விடை தோன்றவில்லை. வீடு சென்று ஏடுகளைப் புரட்டிய பின்னரே தோன்றிற்று. அதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஏறத்தாழக் கி.மு. 300இல் ஏதென்ஸ் நகரில் ஜீனோ என்பார் தொடங்கியது ஸ்டோயிக் தத்துவம். அம்மரபில் வந்த எபிக்டீட்டஸ் அடிமையாக வாழ்ந்து ஆசானாக உயர்ந்தவர். நம் வசத்தில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்தறிவதே அவர் போதனையின் முதற்படி.

இதை விளக்கும் நிகழ்ச்சியொன்றை ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் குறித்து வைத்திருக்கிறார். புயலில் சிக்கிய கப்பலில் ஸ்டோயிக் அறிஞர் ஒருவரும் இருந்தார். அவர் முகமும் வெளிறிற்று. பின்னர்க் காரணம் கேட்டபோது எபிக்டீட்டஸின் நூலை எடுத்துக் காட்டினார். திடீரென இடி இடித்தால் அறிஞனும் திடுக்கிடுவான், அது இயற்கை. அந்த அச்சத்துக்கு அவன் அறிவு இசைவு தருகிறதா என்பதே கேள்வி.

நாவூறுவதும் அவ்வெளிறலைப் போன்றதே. வேட்கை அழையாமல் வரும். கதவைத் திறப்பது மட்டுமே நம் செயல். மறுநாள் அன்பரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நேற்று நான் தோற்கவில்லை" என்றார்.

ஆயினும் மனவுறுதி ஒன்றே போதுமென்று எண்ணிவிடாதீர்கள். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் நேரலாம். உயிருக்கே ஆபத்து உண்டு. அங்கே மருத்துவர் துணை வேண்டும். கால் ஊனமுற்ற வீரன் பிறர் துணையோடு மதிலேறுவது இழுக்கன்று என்னும் கருத்தை ஸ்டோயிக் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸே எழுதியிருக்கிறார். உதவி கேட்பதும் நம் வசத்தில் உள்ள செயல்தானே!

சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அவ்விழப்பைத் தடுப்பது அவர் வசத்தில் இல்லை. அதன்பின் செய்யவேண்டியது இருந்தது. 1980இல் கணவர் பெயரால் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இந்திரா நகரில் உள்ள அதன் மருத்துவமனை போதை நோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் துணைநிற்கிறது.

உங்கள் இல்லத்திலோ விடுதியிலோ இந்நோயோடு போராடுபவர் இருந்தால் இகழாதீர்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். கடையைக் கடந்து அவர் வைத்த ஒவ்வோர் அடியும் வெற்றியே என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அது உங்கள் வசத்தில் இருக்கிறது.