பீலிக்கரை தரும் ஓவியப் பாடம்

இலங்கையின் மலையகத்தை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் எதை வரைகிறார்கள்? கூடை சுமந்த ஒரு பெண், பின்னால் மூன்று மலை, ஓரத்தில் ஒரு நீர்வீழ்ச்சி. தேயிலைப் பெட்டியில் அச்சாகும் படம் அது. தூரத்தில் நின்று பார்ப்பவருடைய கண். அதே பிள்ளை மாலையில் பீலியடியில், மலைத் தண்ணீர் குழாய் வழியே வந்து விழும் இடத்தில், நிற்பதைப் பாருங்கள். உள்ளங்கையால் பீலி வாயைப் பாதி அடைக்கிறது. தண்ணீர் விசிறியாய் விரிகிறது. விரலை நகர்த்தினால் விசிறி சாய்கிறது. வெயில் பட்டால் நிறம் பிறக்கிறது. கையை எடுத்தால் எல்லாம் போச்சு. மறுபடி அடைக்கிறது. உருவம் ஒன்றுமில்லை, வேகமும் திசையும் நிறமும்தான். அரூப ஓவியம் என்று நாம் மிரளும் சங்கதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கற்பனையாகச் சொல்லவில்லை. 1952இல் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர், பூச்சில்லாத துணியைத் தரையில் விரித்து, நீர்க்கக் கரைத்த வர்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். 'மலைகளும் கடலும்' என்று அதற்குப் பெயர். 1955இல் டோக்கியோவில் ஜப்பானிய ஓவியர் கசுவோ ஷிராகா சேற்றில் புரண்டு, உடல் பதித்த தடத்தையே படைப்பாக வைத்தார். தண்ணீரையும் மண்ணையும் உடலால் அறிவது நமக்கும் புதிதல்ல. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டில், தடியூன்றி நடக்கும் கிழவர் நினைத்து ஏங்குவது மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்த பருவத்தை. முதுமையிலும் மிஞ்சியது அந்தப் பாய்ச்சலும் ஒரு கைப்பிடி மணலும்தான்.

"அப்படியானால் தண்ணீர் தெளிக்கிற பிள்ளையெல்லாம் ஓவியரா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஓவியர் தெரிந்து தேர்கிறார், எங்கே நிறுத்துவதென்று முடிவெடுக்கிறார். பிள்ளைக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனால் அந்தத் தேர்வுக்கு வேண்டிய அனுபவம் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. "தாய்மார் குடம் சுமக்கும் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், தண்ணீர் விளையாட்டைப் புகழலாமா?" என்பது இதைவிடக் கனமான கேள்வி. வீட்டுக்கு வீடு சுத்தமான குடிநீர் உரிமை. அதைக் கேட்கும் குரல் ஓயக்கூடாது. ஆனால் தண்ணீரைப் பாரமாக அறிந்த பிள்ளைக்கு அதனோடு இன்னொரு உறவும் உண்டு. அதையும் நாம் பறித்துவிடக்கூடாது.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலிருந்தும் பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலிருந்தும் தோட்டப் பள்ளிகளுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பாடவேளை கூடைக்காரியை மறந்துவிடுங்கள். தாளை நனையுங்கள், வர்ணத்தைச் சொட்டுங்கள், "பீலித் தண்ணீர் மேலே விழுந்தப்போ எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பெட்டியில் அச்சாகாத மலையகம் அந்தத் தாளில் வரும்.