ஒலி ஒத்தால் வேர் ஒக்குமா?

(நெல்லிக்குப்பத்தில் தமிழன்பர்களிடை நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொல்லின் வேரைத் தேடுவது அறிவுப்பணி. ஒலி ஒத்திருக்கிறது என்ற ஒன்றையே கொண்டு உறவு கட்டுவதோ வெறும் விளையாட்டு. அவ்விளையாட்டை ஆய்வென்று மேடையில் முழங்கினால், பழி வந்து சேர்வது தமிழுக்கே.

ஆங்கில ‘எயிட்டு’ நம் ‘எட்டி’லிருந்து பிறந்தது என்று சொன்னால் கைதட்டல் எழும். ஆனால், தமிழையே கேட்டுப் பாருங்கள்! எண்பது, எண்ணூறு, எண்சீர் ஆகியவற்றில் நிற்கும் வேர் ‘எண்’. கன்னடத்திலும் அது ‘எண்டு’ என்றே நிற்கிறது. மறுபுறம், ஆங்கிலச் சொல்லின் உறவுகள் செருமானிய ‘ஆக்ட்’, இலத்தீன ‘ஒக்டோ’ என்பன. உறவுடைய சொற்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்க வேண்டும். இவையோ விலகுகின்றன! இன்றைய ஒலியொப்புமை தற்செயலாய் நேர்ந்ததே.

அடுத்து, காசு. ஆங்கிலத்தில் ‘கேசு’ எனப்படும் சொற்கள் இரண்டு. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கும்பினியார் கணக்கெழுதிய காலத்துச் சிறு நாணயத்தின் பெயர், போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்ற நம் காசே. ஆனால், ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேசு’, பெட்டி என்னும் பொருளுடைய ‘காப்சா’ என்ற இலத்தீனச் சொல்வழி வந்தது. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆயிற்று. முன்னது நம்முடையது, பின்னது நம்முடையதன்று.

1842-ஆம் ஆண்டிலேயே ஆலைத்தொழில் தொடங்கிய இவ்வூரின் இனிப்புச் சொற்களைப் பாருங்கள். கரும்பு தமிழ், வெல்லம் தமிழ். சர்க்கரையோ, பரற்கல்லைக் குறித்த வடசொல். பாரசீகமும் அரபும் கடந்து அதுவே ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆயிற்று. சீனி, சீன நாட்டின் பெயரைச் சுமப்பது. அசுக்கா, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஊர்ப்பெயர். அவ்வூர் ஆலையின் வெண்சர்க்கரை அப்பெயராலேயே நம் கடைத்தெருவுக்கு வந்தது. ‘பாரி’ என்றதும் பறம்புமலை வள்ளலை எண்ண வேண்டா! அது 1788-இல் சென்னைக்கு வந்த வேல்சு நாட்டு வணிகர் தாமசு பாரியின் பெயர். ‘ஆரியின் மகன்’ எனப் பொருள்படும் ‘ஆப் ஆரி’ என்ற வேல்சுத் தொடரே பாரியாய்ச் சுருங்கிற்று.

இதனால் தமிழுக்குக் குறைவு வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டா. கட்டுமரம் உலகக் கடல்களில் மிதக்கிறது. சுருட்டு மேலைநாட்டு அகராதிகளில் இடம்பெற்றுவிட்டது. மிளகுதண்ணீர் ஆங்கிலேயர் உணவுமேடையில் அமர்ந்திருக்கிறது. இவை பழைய ஆவணங்களால் உறுதிப்பட்டவை. ஒரு பொய்க்கூற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவன், இம்மெய்க்கூற்றுகளையும் சேர்த்தே தள்ளிவிடுவான். இழப்பு அங்கேதான்!

1974-இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. அது கைதட்டலுக்காகத் தோன்றியதன்று; சொல்தோறும் சான்று தேடும் உழைப்புக்காகத் தோன்றியது. எனவே, ஒரு சொல்லைத் தமிழென்று உரிமை கொண்டாடுமுன் மூன்றைக் கேளுங்கள். அதன் பழவடிவம் யாது? உடன்பிறந்த மொழிகளில் அது எவ்வாறு நிற்கிறது? எவ்வழியில், எக்காலத்தில் அது பிறமொழி புகுந்தது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் துணிந்து சொல்லுங்கள், கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். உண்மையின்மேல் நிற்கும் பெருமையை எவராலும் அசைக்க முடியாது!