காட்டைக் காப்பது சட்டமா? சுற்றுலாவா?

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி, "விலங்கைக் காப்பாற்றச் சட்டம் போதும்; டூரிஸ்ட் காலை வைத்தாலே காடு குட்டிச்சுவர்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அவரை நான் பிரேசிலுக்குக் கூப்பிடுகிறேன். டிக்கெட் அவர் செலவு! (சிரிப்பு)

அங்கே பந்தனால் என்று ஒரு சதுப்பு நிலம். 1,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மழை பெய்தால் கடல் மாதிரி தண்ணீர், வடிந்தால் புல்வெளி. புல் இருந்தால் மாடு வரும். மாடு இருந்தால் ஜாகுவார் வரும். நம்ம சிறுத்தைக்கு அண்ணன் மாதிரி, முதலையின் மண்டையையே கடித்து உடைக்கிற மிருகம் அது!

பிரேசிலில் 1967லேயே வேட்டைக்குத் தடைச் சட்டம் போட்டாச்சு. ஆனால் பந்தனாலில் பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணை. நாலு மாடு செத்தால் பண்ணையார் சட்டப் புத்தகத்தையா எடுப்பார்? துப்பாக்கியைத்தான் எடுத்தார். அத்தனை பெரிய சதுப்பிலே யாருங்க போய்ப் பார்ப்பது?

இப்போது போர்ட்டோ ஜோஃப்ரேக்கு வாருங்கள். நூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள் தாண்டி, மண் சாலை முடிகிற ஆற்றங்கரை. ஜூலை முதல் அக்டோபர் வரை தண்ணீர் வற்றும். ஜாகுவார் கரைக்கு வரும். கண்ணில் பட்டதும் படகோட்டியின் கை ரேடியோவுக்குப் போகிறது: "இங்கே நிக்குது, வாங்க!"

ஏன்? 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கணக்குப் போட்டார்கள். அந்த வட்டாரத்தில் ஜாகுவாரால் மாட்டுக்காரருக்கு ஆண்டுக்கு ஆகிற நஷ்டம் ஏறத்தாழ 1,21,500 டாலர். அதைப் பார்க்க வருகிறவர்களால் வரவு ஏறத்தாழ 68 லட்சம் டாலர்! ஜாகுவார் இப்போது கறவை மாடு, ஐயா! (கைதட்டல்)

"ஒரு ஜாகுவாரைச் சுற்றிப் பத்து இருபது படகு நிற்கிறதே" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி முண்டியடித்தால் அது எப்படி நிம்மதியாக இருக்கும்? எத்தனை படகு, எவ்வளவு தூரம் என்று ஒழுங்கு கட்டாயம் வேணும். அதற்குச் சட்டம் வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் கூட்டத்தையே விரட்டிவிட்டால், பண்ணையார் மறுபடி துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாரே!

2020ல் பந்தனாலில் கால் பங்குக்கும் மேல் தீயில் கருகியது. சுற்றுலாக்காரர் யாரும் இல்லாத கொரோனாக் காலம். அப்போதும் அங்கிருந்த வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நெருப்புக்குள் ஓடினார்கள். உள்ளங்கால் வெந்த ஜாகுவாரைப் படகில் ஏற்றி வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, உட்காருகிறேன். (பலத்த கைதட்டல்)