கட்டுரை கண்ணில் தொடங்கட்டும்

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கட்டுரை எழுதுவது எப்படி என்ற இன்றைய பேச்சு அவர்களுக்குத்தான்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். குறிப்புச்சட்டகம் போடவும் தெரியும். ஆனாலும் ‘எங்கள் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சட்டகம் தயார், உள்ளே வைக்கத்தான் சரக்கு இல்லை. அந்தச் சரக்கை நோட்ஸில் தேடாதீர்கள். அது உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டுரை சொல்லித் தருகிறேன். ஒரு மாணவி இருந்தாள். அவள் தாத்தா, அருகே ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் உள்ள டோபி கானா என்னும் சலவைக்கூடத்தில் துணி வெளுப்பவர். அங்கே தொழில் செய்வது தமிழ்க் குடும்பத்தார். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க முன்னோர் வந்தார்கள் என்று அவர்கள் வீடுகளில் சொல்வதுண்டு. ‘என் தாத்தா’ என்று எழுதச் சொன்னேன். “என் தாத்தா கடின உழைப்பாளி. உழைப்பே உயர்வு தரும்” என்று தொடங்கியிருந்தாள். ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வரியை எந்தப் பிள்ளையும் எந்தத் தாத்தாவைப் பற்றியும் எழுதிவிடலாம்.

“துணியைக் கொடியில் எப்படிம்மா காயப்போடுவார்?” என்று கேட்டேன்.

“கிளிப்பே போடமாட்டார் டீச்சர். கயிறு ரெட்டையா முறுக்கியிருக்கும். முறுக்கைக் கொஞ்சம் விலக்கி, துணி முனையை உள்ளே சொருகிடுவார். கையை எடுத்ததும் கயிறு கெட்டியா பிடிச்சுக்கும். கடல்காத்து எவ்வளவு அடிச்சாலும் விழாது.”

சொல்லும்போதே அவள் விரல்கள் இல்லாத கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தன. “இப்போது சொன்னதை அப்படியே எழுது” என்றேன். எழுதினாள். கஞ்சி போடுவது, கரி போட்ட இஸ்திரிப்பெட்டியின் சூடு என்று அடுத்தடுத்த வரிகள் தாமாகவே வந்தன. அன்று முழு வகுப்பும் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. பெற்றோர்களே, பிள்ளை கட்டுரை எழுதத் திணறினால் நீங்கள் வரி சொல்லிக் கொடுக்காதீர்கள். “எப்படி?” என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரைப் பற்றி என்றால் யூதர்களின் ஜெபாலயம், அரண்மனை, மிளகு, படகு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடுவார்கள். நான் அவர்களை யூதத்தெருக் கடைசிக்கு அழைத்துப் போவேன். 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம்; அதன் அருகே 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மணிக்கூண்டு. அண்ணாந்து பார்த்தால் கடிகாரத்தில் ஒரு முகத்தில் எபிரேய எழுத்து, ஒன்றில் ரோமன் எண், ஒன்றில் மலையாள எண். “ஏன்?” என்று மட்டும் கேட்பேன். ஜெபாலயம் வருகிறவர் யார், சுவரை ஒட்டிய அரண்மனையில் இருந்தவர் யார், கப்பலேறி வந்த வியாபாரி யார் என்று பிள்ளைகள் தாங்களே பேச ஆரம்பிப்பார்கள். ஒரு கடிகாரத்திலிருந்து ஊரே வந்துவிடும்.

ஜெபாலயத்தின் உள்ளே தரையில் சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். “சொன்னார்கள் என்று எழுதாதே, உட்கார்ந்து இரண்டு ஓட்டை ஒப்பிட்டுப் பார்” என்பேன். கேள்விப்பட்டதைச் சரிபார்ப்பதும் கட்டுரையின் பாடம்தான், கண்ணுகளா.

பெரிய எழுத்தாளர்கள் செய்ததும் இதுதான். பிரான்சில் மோன்தேன் 1580இல் தம் கட்டுரைகளை வெளியிட்டார். கட்டைவிரலைப் பற்றிக்கூட ஒரு கட்டுரை எழுதியவர் அவர். நம் தமிழ் எழுத்தாளர் வ.ரா.வின் ‘நடைச்சித்திர’த்தைத் தேடிப் படியுங்கள். அன்றாடம் நம் எதிரே நடமாடுகிற சாதாரண மனிதர்களை எவ்வளவு ஆசையோடு எழுதியிருக்கிறார்!

நேரம் நெருங்குகிறது; மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்த்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசைப்படுத்துங்கள். மட்டாஞ்சேரி அரண்மனை என்றால் காலவரிசை பொருந்தும்: 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள், 1663க்குப் பிறகு டச்சுக்காரர் புதுப்பித்தார்கள். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. முன்னுரையைக் கடைசியில் எழுதினாலும் குற்றமில்லை. முடிவுரையில் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டாம். எழுதி முடித்தபின் உங்களுக்கு என்ன தோன்றியதோ அதைச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.

தேர்வுக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான். நூறு விடைத்தாளில் ஒரே வரியைப் படித்துக் களைத்த ஆசிரியர், நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை எழுதியிருந்தால் நிமிர்ந்து உட்காருவார்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் வேலை செய்கிற ஒரு கையைப் பாருங்கள். அம்மாவுடையதோ, தாத்தாவுடையதோ, யாருடையதானாலும் சரி. ஒரு பக்கம் எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். மட்டாஞ்சேரியைப் பற்றி வந்துபோன பயணிகள் எழுதியது நிறைய. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழில் எழுதியதும் அதன் பக்கத்தில் சேர வேண்டும் என்பது என் ஆசை.