பன்னிரண்டு மணி நேரத்து மும்பை

(நமது சங்கத்தின் தாராவிக் கிளையில் நடந்த குடும்பக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தர் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வீட்டுப் பிரச்சினை, ரேஷன் பிரச்சினை எல்லாம் நமக்கு முன்னால் பேசியவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சற்று விநோதமானது. விமானம் மாறுவதற்காக மும்பையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் காத்துக் கிடக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த நகரத்தைச் சுற்றிக் காட்டுவது எப்படி என்பதே அது. "ஊர் சுற்றுவதற்கும் சங்கத்திற்கும் என்ன சம்பந்தம்?" என்று அங்கே ஒரு பெரியவர் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது ஐயா, சொல்கிறோம்.

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வளைகுடாவுக்கு நேராகப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மும்பை ஏஜெண்டு மூலம் போகிறவர்களில் பலர் மதுரையிலோ கோவையிலோ உள்நாட்டு விமானம் ஏறி, இங்கே இறங்கி, இரவு வேறு விமானம் பிடிக்கிறார்கள். மலிவான டிக்கெட் என்றால் காத்திருப்பும் நீளம். சென்ற மாதம் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படிப் பதினான்கு மணி நேரம் இருந்தார். இரண்டு வருடத்துக்குத் திரும்பி வர முடியாத பிள்ளை. நாங்கள் போய்ப் பார்த்து, "மும்பையில் என்னப்பா பார்த்தாய்?" என்று கேட்டோம். "நாற்காலி பார்த்தேன் அண்ணே" என்றார். சிரிக்கிறீர்கள். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. வெளியே கால் வைத்தால் போலீஸ் பிடிக்கும், டிக்கெட் ரத்தாகும் என்று ஏஜெண்டு சொல்லி அனுப்பியிருக்கிறார். குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போவதற்குக்கூடப் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!

இந்தப் பயத்தை நாம் முதலில் உடைக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தில் வந்து இறங்கியவர் இந்திய மண்ணில் நடக்கும் இந்தியர். பாஸ்போர்ட்டில் இமிக்ரேஷன் முத்திரை விழும்வரை அவர் எங்கே போகவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முத்திரை விழுந்த பிறகுதான் வெளியே வர முடியாது. திரும்பி உள்ளே நுழைய டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டி விஷயத்தை மட்டும் புறப்படும் ஊரிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே டிக்கெட்டா, இரண்டு தனி டிக்கெட்டா? தனி டிக்கெட் என்றால் பெட்டியை இங்கே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பெட்டி நம்மில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு யாரும் ஊர் பார்க்க முடியாது.

இந்த விமான நிலையத்துக்கு முனையம் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியாகவோ மெட்ரோவிலோ போக வேண்டும். இந்தச் சங்கதி தெரியாமல் விமானத்தை விட்டவர்கள் உண்டு. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இரண்டாம் முனையத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு மணி நேரம் மும்பைக்காக ஒதுக்குங்கள். ஆக, பன்னிரண்டு மணி நேரம் என்று டிக்கெட்டில் இருந்தால் நம் கைக்கு வருவது எட்டு மணி நேரம். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் வெளியே அழைக்க வேண்டாம், நாமே முனைய வாசலுக்குப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டு வரலாம்.

ரயிலைப் பற்றி நாம் சொல்லாமல் யார் சொல்வது? காலையில் கூட்டம் தெற்கே போகும். மாலை ஐந்து மணிக்கு மேல் அதே கூட்டம் வடக்கே திரும்பும். விமான நிலையம் இருப்பது வடக்கே. மாலை ஆறு மணிக்குச் சர்ச்கேட்டில் ஏறி அந்தேரியில் இறங்க நினைக்கும் புது ஆளை அந்தேரியில் இறங்க விடமாட்டார்கள், போரிவலியில்தான் இறக்கிவிடுவார்கள்! நமக்குப் பழக்கம், அவருக்கு அது மரண பயம். 2017இல் எல்பின்ஸ்டன் ரோடு நடைபாலத்து நெரிசலில் 23 உயிர் போனதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே புது ஆட்களைப் பாதாள மெட்ரோவில் அழைத்து வாருங்கள். 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுதாகத் திறந்துவிட்டார்கள். இரண்டு முனையங்களுக்கும் நிலையம் உண்டு, தாராவி ஓரத்திலும் நிலையம் உண்டு, பெரிய ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி.க்கும் நேராகப் போகிறது. ஆனால் அது பூமிக்கு அடியில் போகிற வண்டி, ஒன்றையும் பார்க்க முடியாது. போகும்போது கூட்டமில்லாத மதிய நேரமானால் லோக்கலில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள், திரும்பும்போது மெட்ரோ.

சரி, எதைக் காட்டுவது? வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? ஏதாவது ஒரு நடிகர் வீட்டுக் கேட்டின் முன்னால் நிறுத்துகிறோம். கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிறகு லோயர் பரேலில் ஒரு மால். பிறகு கேட்வே, ஒரு போட்டோ. எலிபெண்டா குகைக்கு ஆசைப்படுவார்கள். படகிலேயே போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்பதால் விமானம் பிடிக்க வேண்டியவருக்கு அது ஆகாது.

கேட்வேயைக் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டுங்கள், கதையோடு காட்டுங்கள். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கினாரே, அந்த ஞாபகத்துக்குக் கட்டியது. மன்னர் வந்தபோது கட்டடம் கிடையாது, அட்டையில் செய்த தோரணம்தான்! அடிக்கல் நாட்டியது 1913 மார்ச்சில், கட்டி முடித்தது 1924இல். சுமார் 21 லட்ச ரூபாய் ஆயிற்று. இந்திய அரசாங்கத்தின் பணம் என்று எழுதியிருப்பார்கள்; அரசாங்கத்துக்குப் பணம் யார் கொடுத்தது? நேர் எதிரே சாலை போடக் காசு பற்றவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அந்த வாசல் சாலைக்குக் கோணலாக நிற்கிறது. 1948 பிப்ரவரி 28ஆம் தேதி, கடைசி வெள்ளைப் பட்டாளம் இந்த வாசல் வழியாகவே கப்பலேறியது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1946 பிப்ரவரியில், கடற்படைச் சிப்பாய்கள் இதே நகரத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சோற்றில் தொடங்கிய சண்டை அது. அவர்களுக்காக மில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

அந்த 1913ஆம் வருடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னருக்கு வாசல் கட்ட அடிக்கல் நாட்டிய அதே வருடத்தில்தான் தாராவியில் நம் முன்னோர்கள் கணேசர் கோயிலைக் கட்டினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள். 1887இலேயே இங்கே பள்ளிவாசல் எழுந்துவிட்டது. ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தில், நாற்றமடிக்கும் தொழிலோடு தள்ளப்பட்டவர்கள் அவர்கள். நகரம் வளர்ந்து வளர்ந்து, ஒதுக்குப்புறம் என்று தள்ளிய இடம் இன்று நடுவீடாகிவிட்டது. இப்போது இந்த இரண்டு சதுர கிலோமீட்டர்மேல் எத்தனை பேருக்குக் கண் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளைக்காரர்கள் டிக்கெட் எடுத்து, வழிகாட்டி வைத்துக்கொண்டு, நம் சந்துகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் அக்கா மகன் வந்தால் மட்டும் நாம் வீட்டுக்கு அழைக்கக் கூசுகிறோம். "பத்துக்குப் பத்து அறை, அவன் ஊரில் போய்ச் சொல்லிவிடுவான்" என்ற வெட்கம். சொல்லட்டுமே! அதிகாலையில் நாலு மணிக்கு எழுந்து நம் பெண்கள் அவிக்கிற இட்லி, விடியுமுன் சைக்கிளேறி இந்த நகரம் முழுவதும் போகிறதே, அது பார்க்க வேண்டிய காட்சி இல்லையா? சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா சூளைகள், உடைந்த பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மறுபடி பொருளாக்கும் பட்டறைகள், இவை காட்சி இல்லையா? 'நாயகன்' படம் பார்த்த தம்பிகள் வேலு நாயக்கர் வீடு எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். 1987இல் வந்த அந்தப் படத்துத் தாராவியில் பெரும்பகுதி சென்னை ஸ்டுடியோவில் போட்ட செட் என்று சொல்லிவிடுங்கள். ஏமாற்றமாக இருக்கும், பரவாயில்லை.

சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனை நாம் காட்டாமல் விடமாட்டோம். பழைய பெயர் வி.டி. 1853 ஏப்ரல் 16 அன்று நாட்டின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணாவுக்குக் கிளம்பியது இந்த இடத்தில்தான். கட்டடம் எழும்பப் பத்து வருடம், 1878 முதல் 1888 வரை. ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர் வரைபடம் போட்டார். குரங்கும் மயிலும் இலையும் பூவுமாகக் கல்லில் இருக்கிற வேலைப்பாட்டில் ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கை இருக்கிறது. அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். தினமும் அதன் அடியில் ஓடுகிற நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறோம்? 1974 மே மாதத்தில் இருபது நாள் ரயில் நின்றபோது இந்த மண்டபம் எப்படி வெறிச்சோடியிருக்கும் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 2008 நவம்பர் 26 இரவு இங்கே துப்பாக்கிகள் வெடித்தபோது, விஷ்ணு ஜெண்டே என்ற அறிவிப்பாளர் தன் இடத்தைவிட்டு ஓடவில்லை. பயணிகள் எந்தப் பக்கம் தப்பிக்க வேண்டும் என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அவர் ஒரு ரயில்வே ஊழியர். அதை அழுத்திச் சொல்லுவதில் எங்களுக்குக் கொஞ்சம் சுயநலம் உண்டு.

லோக்கலில் வரும்போது பரேல், லால்பாக் பக்கம் ஒரு புகைபோக்கி தெரிந்தால் விரல் நீட்டிக் காட்டுங்கள். 1982 ஜனவரி 18 அன்று இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பலர் திரும்ப ஆலைக்குள் போகவே இல்லை. அந்த நிலத்தில்தான் இன்று மாலும் மாடிகளும். இன்னொன்றும் சொல்லுங்கள். நாம் அனுபவிக்கிற ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வானத்திலிருந்து விழவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே என்ற மராத்தியர் மில் தொழிலாளரைத் திரட்டிப் போராடி 1890இல் வாங்கியது. இதைச் சொன்ன கையோடு தம்பியிடம் கேளுங்கள்: "உன் ஒப்பந்தத்தில் வாரம் ஒரு நாள் லீவு எழுதியிருக்கிறதா?"

இங்கேதான் அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. விமான நிலைய நாற்காலியில் யாரும் தன் காகிதத்தை எடுத்து முன்பின் தெரியாதவரிடம் காட்டமாட்டார். நாலு இடம் கூட நடந்து, நம் வீட்டில் சோறு தின்று, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு, தானாகவே பையைத் திறப்பார். நாற்காலி பார்த்தாரே, அந்தத் தம்பியை அன்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். மீன் குழம்புச் சோறு. அதன்பிறகு காகிதத்தைக் காட்டினார். வேலை விசா என்று சொல்லி ஏஜெண்டு கொடுத்திருந்தது விசிட் விசா. போய் இறங்கினால் சட்டப்படி வேலையும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. ஊருக்குப் போன் போட்டோம். அவர் அப்பா வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "வந்துவிடச் சொல்லுங்கள்" என்றார். விமானம் அவரில்லாமல் போயிற்று. ஏஜெண்டிடம் கட்டிய பணத்தில் பாதிதான் இதுவரை திரும்பியிருக்கிறது; மீதிக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே பார்க்க வேண்டியதைப் பாருங்கள். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடியகல்வு அனுமதி கட்டாயம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான், பத்து லட்சம் வரை உண்டு. 275 ரூபாய்க் காப்பீட்டுக்கு ஆயிரக்கணக்கில் பிடுங்குகிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து ஒன்று நம்மிடம் இருக்கட்டும். நகல் எடுக்கிற கடை தொண்ணூறு அடி ரோட்டிலேயே இருக்கிறது; அதையும் ஊர் சுற்றலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிகள் தனியாக வருகிறார்கள். அவர்களை அழைக்க ஆண்கள் போக வேண்டாம். நம் தாய்மார்கள் இரண்டு பேராகப் போங்கள். திரும்பி வருகிறவர்கள் கதை வேறு. களைத்திருப்பார்கள், கையில் இருப்பதைப் பற்றிய கவலை இருக்கும், வீட்டு நினைப்பில் எதையும் பார்க்கத் தோன்றாது. அவர்களை இழுத்தடிக்காதீர்கள். ஒரு குளியல், சுடு சோறு, நேரமிருந்தால் தாதர் கடற்கரையில் அம்பேத்கரின் சைத்யபூமிவரை ஒரு நடை. 1956 டிசம்பரில் லட்சக்கணக்கான மக்கள் அவரை வழியனுப்பிய இடம். பேச விரும்பினால் பேசுவார்கள், இல்லாவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

இனி வேலை ஒதுக்கீடு. வாரநாட்களில் பகல் வேளைக்கு இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு பேர் வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் காலை வேளையை எடுத்துக்கொள்ள வேண்டாம், தூங்குங்கள். பெட்டி வைக்க இடம் தரக்கூடிய வீடுகள் ஐந்தாவது வேண்டும். ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் விமான எண்ணும் நேரமும் இரண்டு நாள் முன்னதாக நமக்கு வந்து சேர வேண்டும். ஊருக்குப் போன் பேசும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள். மெட்ரோ டிக்கெட்டுக்கான செலவைக் கிளை நிதியிலிருந்து தரச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது, சாப்பாட்டுச் செலவுக்கு இல்லை. பெயர் எழுத நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மதுரை விமானத்தில் மூன்று பேர் வருகிறார்கள். அதற்கு மட்டும் இப்போதே யாராவது கை தூக்குங்கள்.