முத்து மடுவுக்கு ஒரு நடை



பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்து குடியேறிய நமக்கு, விடுமுறை நாள் என்றால் லால்பாகும் கப்பன் பூங்காவுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் அவற்றை விடுத்துத் தெற்கு நோக்கிப் புறப்படுவோம். ஓசூர்ச் சாலையில் சந்தாப்புரம் வரை சென்று, அங்கே பிரியும் சாலையில் திரும்பினால் ஆனேக்கல் வருகிறது. அதற்கு அப்பால் ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் முத்யால மடுவு என்னும் பள்ளத்தாக்கு உளது. நகரிலிருந்து மொத்தத் தொலைவு 40 கிலோமீட்டர் அளவே.

பெயர் நமக்கு அயலானதன்று. ஆற்றில் நீர் ஆழ்ந்து தேங்கும் இடத்தை நாமும் மடு என்கிறோம். முத்யாலு என்பது தெலுங்கில் முத்துக்களைக் குறிக்கும். பாறையினின்று சிதறும் துளிகள் முத்துக்களைப் போல உதிர்வதால் இப்பெயர் வந்தது என்பர். ஆனேக்கல் கன்னட நாட்டின் எல்லையை ஒட்டியது. தமிழகத்தின் தளி தொலைவில் இல்லை. மொழிகள் கலந்து வழங்கும் இடத்தில், பெயரும் கலந்தே அமைந்திருக்கிறது.

மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிகள் இறங்குகின்றன. முதியோரும் சிறுவரும் அவசரமின்றி இறங்கலாம். கீழே மரநிழலில் ஓடையை ஒட்டி நடந்தால் சிறிய சிவன் கோயிலும், பாறைமேலிருந்து விழும் அருவியும் காணலாம். குற்றாலத்தையும் ஒகேனக்கல்லையும் கண்ட கண்களுக்கு இது சிறிதாகவே தோன்றும். கோடையில் பெரும்பாலும் வற்றிவிடும். ஆவணி முதல் கார்த்திகை வரை, மழை பெய்து ஓய்ந்த நாட்களே ஏற்றவை.

மழை நின்ற பின்னும் ஓடை ஓடுவது எவ்வாறு? காட்டில் விழும் மழை உடனே உருண்டோடி விடுவதில்லை. உதிர்ந்த இலைகளும் வேர்கள் நெகிழ்த்திய மண்ணும் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சிக் கொள்கின்றன. பின்னர் மண்ணிலும் பாறைப் பிளவுகளிலும் கசிந்து, சிறிது சிறிதாக ஓடைக்கு வருகிறது. சரிவிலுள்ள மரங்களை வெட்டிவிட்டால் மழையன்று வெள்ளம், மறுவாரம் வறட்சி.

இதனை நாம் நேரிற் காண்பது ஏன் நன்று? பெங்களூருக்குள்ளும் இத்தகைய ஓடைகள் இருந்தன. பசவனகுடியில் நந்தி கோயிலருகே தோன்றுவதாகச் சொல்லப்படும் விருஷபாவதி அவற்றுள் ஒன்று. இன்று மைசூர்ச் சாலையில் அதனைக் கடப்போர் மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர். அது அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி காவிரியில் சேர்கிறது. நகரின் கழிவைச் சுமந்துகொண்டு அந்நீர் நம் சொந்த ஊர்களின் வயல்களை நோக்கியே செல்கிறது.

அருகிலிருந்த நீரைக் கெடுத்த நகரம், தொலைவிலிருந்து நீரை வரவழைக்கிறது. 1974-ஆம் ஆண்டு முதல் காவிரி நீர், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு, பெங்களூர் வீடுகளுக்கு வருகிறது. அவ்வளவு செய்தும் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பல பகுதிகளில் மக்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றனர். குழாயைத் திறந்தால் நீர் வரும் என்றே அறிந்து வளரும் நம் குழந்தைகள், அந்த நீர் பிறக்கும் விதத்தை ஒருமுறை கண்ணாற் காண வேண்டாமா?

புறப்படுமுன் சில சொற்கள். பன்னேர்கட்டாக் காட்டை அடுத்த பகுதியாதலால் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாயுமுன் மேலேறி விடுதல் வேண்டும். ஈரப்பாறையில் ஏறுதல் ஆகாது. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடாதிருப்போம். கட்டுச்சோறு கொண்டு சென்ற பையையும் காகிதத்தையும் நாமே திருப்பி எடுத்து வருவோம். ஓடையில் நாம் எறிவது ஓடையோடு நிற்பதில்லை. அது கீழே உள்ளவர்களின் வாசலுக்குப் போய்ச் சேரும்.